சகனில் அவன் பக்கம்

இது பெருமையடித்துக்கொள்ளும் கட்டுரை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தற்பெருமை பிடிக்காதவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம். எனக்குக் கோபம் வராது. வந்தாலும் உங்களுக்குத் தெரியப்போவதில்லை.

என் வேலைக்கு ஆக்குபேஷனல் தெரபி என்று பெயர். குளிப்பது, சட்டைப் பொத்தான் போடுவது, சாப்பிடுவது, பஸ் ஏறுவது என்று நீங்களும் நானும் யோசிக்காமல் செய்கிற காரியங்கள் சிலருக்கு மலை ஏறுவதாக இருக்கும். அவர்களுடைய காதும் தோலும் மூளையும் வேறு மாதிரி வேலை செய்யும். அவர்களுக்குத் தோதான வழியைக் கூட இருந்து தேடுவதுதான் நான் செய்வது. ஊரில் யாரும் இந்தப் பெயரைச் சொல்லமாட்டார்கள். "டீச்சர்" என்பார்கள். நான் டீச்சர் இல்லை என்று மூன்று வருடம் சண்டை போட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

என் வீடு திருவரங்குளத்தில். மற்ற நாட்களில் புதுக்கோட்டையில் வேலை. வியாழக்கிழமை மட்டும் அறந்தாங்கியில் பஸ் மாறி ஜெகதாப்பட்டினம் போவேன். ஐஸ் பிளாண்டுக்குப் பின்னால் ஒரு சின்ன ஹால் எங்களுக்குக் கிடைத்திருந்தது. சத்தம் தாங்காத பிள்ளைகளுக்கு ஐஸ் உடைக்கிற மெஷினுக்குப் பக்கத்திலேயே இடம் பிடித்துக் கொடுத்த புண்ணியவான் யாரென்று இன்றுவரை தெரியவில்லை. இலங்கைக் கடற்படையிடம் ஊர்ப் படகு பிடிபட்டதாகச் செய்தி வந்த நாட்களில் ஹாலுக்கு ஒருத்தரும் வரமாட்டார்கள். நான் பாயைச் சுருட்டி வைத்துவிட்டுத் திரும்புவேன்.

அங்கேதான் அவனை அழைத்துவந்தாள் அவன் அக்கா. அவனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ஆட்டிசம். பேச்சு குறைவு, தேவைக்கு ஒன்றிரண்டு வார்த்தை. நல்ல உயரம், நல்ல பலம். அப்பா, அவர்கள் பேச்சில் அத்தா, சவூதியில். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை வந்துபோகிறவர். வீட்டில் அம்மா, அக்கா, இவன். அக்காவுக்குக் கல்யாணம் பேசியிருந்தார்கள், இன்னும் ஏழெட்டு மாதத்தில் நிக்காஹ்.

"எல்லாரும் ஒரு பக்கம் சாப்புடுவாங்க டீச்சர். இவன் மட்டும் பின்கட்டு ரூம்ல, கதவைச் சாத்திக்கிட்டு," என்றாள். "வெறுஞ்சோறும் பொரிச்ச மீனும்தான். கையில ஒட்டுனா கத்துவான். சோத்தை விரல் நுனியில எடுத்து வாயில போட்டுட்டு ஒடனே கை கழுவுவான். ஒரு சாப்பாட்டுக்கு இருவது தடவை கழுவுவான். எம் நிக்காஹ்ல அவன் ஆம்பளைங்களோட ஒக்காந்து சாப்புடணும். அவ்வளவுதான் எனக்கு வேணும்."

அவ்வளவுதானாம்! அப்போது பக்கத்தில் பேத்தியை அழைத்துவந்திருந்த ஒரு பெரியவர், "அஞ்சுல வளையாதது அம்பதுல வளையுமாம்மா?" என்றார். இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து எனக்குப் பிடிக்காத பழமொழி அது. "அவனுக்கு அம்பது ஆகலைங்க, இருவத்திரண்டுதான் ஆகுது. ஒங்களுக்குத்தான் அம்பது தாண்டிருச்சு," என்று சொல்லிவிட்டேன். அவர் அடுத்த வாரம் வேறு நேரத்துக்கு வந்தார்.

வேலையை ஆரம்பித்தேன். முதலில் கைகள். காய்ந்த நெல்லில் கையை விட்டு அளைய வைத்தேன். பிறகு அரிசி, பிறகு ஊறவைத்த அரிசி, பிறகு பரோட்டா மாவு. ஒவ்வொன்றுக்கும் வாரக்கணக்கு ஆனது. மாவுக்கு வந்தபோது ஹாலே அதிரக் கத்தினான். விடவில்லை. கத்தினால் நிறுத்துவேன், அமைதியானால் மறுபடி ஒரு விரல். பளு தூக்கினால் அவன் உடம்பு அமைதியாகிறது என்பதையும் கண்டுபிடித்தேன். சாப்பாட்டுக்குமுன் தண்ணீர் கேன் இரண்டைத் தூக்கிக்கொண்டு நாலு நடை நடந்தால் அரை மணி நேரம் அவன் ராஜா. இறுக்கமான தொப்பி தலையில் இருந்தாலும் அவனுக்கு நல்லது.

அப்புறம் சாப்பாட்டு ஒழுங்கு. சுவரில் படம் ஒட்டினேன். ஒரு தட்டு, அதில் ஒரு கை, அதற்கு 'சரி' குறி. அதே தட்டில் இன்னொரு கை, அதற்குச் சிவப்பில் பெருக்கல் குறி. "ஒன் தட்டு, ஒன் சோறு. ஒன் தட்டுல மத்தவங்க கை வராது. ஒன் கை மத்தவங்க தட்டுக்குப் போகாது." ஒவ்வொரு வியாழனும் இதைச் சொல்வேன். அவனும் தலையாட்டிக்கொண்டே, "ஒன் தட்டு, ஒன் சோறு" என்பான். ஐந்து மாதத்தில் ஹாலில் என் எதிரில், குழம்பு ஊற்றிய சோற்றை, ஐந்து விரலாலும் பிசைந்து தின்றான். கை கழுவியது ஒரே தடவை. அக்கா கைதட்டினாள். நான் பஸ்ஸில் வரும்போது ஜன்னலோரமாக உட்கார்ந்து தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன். பக்கத்துச் சீட்டுப் பெண் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டாள்.

கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது அத்தா ஊருக்கு வந்தார். வந்த வெள்ளிக்கிழமை மதியம் வீட்டில் விருந்து. "டீச்சர், நீங்களும் வரணும். நீங்க செஞ்சதை அத்தா பாக்கணும்," என்று அக்கா போன் பண்ணினாள். நான் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போனேன். பாருங்கள், என் திமிரை.

கூடத்தில் பாயும் அதன்மேல் துணியும் விரித்து, நடுவில் ஒரு பெரிய வட்டத் தட்டை வைத்தார்கள். அதுதான் சகன். நெய்ச்சோறு குவிந்து, மேலே கறி வைத்து, ஆவி பறந்துகொண்டிருந்தது. அத்தா, இரண்டு தாய்மாமன்கள், பெரியப்பா, ஐந்தாவதாக இவன். நானும் அம்மாவும் அக்காவும் அடுப்படி வாசலில் நின்றோம். அந்தத் தட்டைப் பார்த்ததும் எனக்கு ஏதோ உறுத்தியது. ஆனால் என்னவென்று புரிவதற்குள் எல்லாரும் "பிஸ்மி" சொல்லிவிட்டார்கள். நாலு கை ஒரே நேரத்தில் தட்டுக்குள் போனது.

அவன் அந்தக் கைகளைப் பார்த்தான். "ஒன் தட்டு! ஒன் சோறு!" என்று அலறினான். பெரியப்பாவின் கையைத் தட்டிவிட்டான். அத்தாவின் கையைப் பிடித்து வெளியே இழுத்தான். யாரோ அவன் தோளைப் பிடிக்கப்போக, சகனையே ஒரே தள்ளாகத் தள்ளினான். நெய்ச்சோறு பாயெல்லாம் இறைந்தது. அவன் பின்கட்டு ரூமுக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டான்.

அத்தா மடியில் விழுந்த சோற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஓரத்தில் வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார். "கஷ்டப்பட்டீங்க டீச்சர், சந்தோஷம். போதும். நிக்காஹ் அன்னைக்கு அவன் அறந்தாங்கில எங்க சின்னம்மா வீட்டுல இருக்கட்டும். மாப்பிள்ளை வீட்டு சனம் அம்புட்டும் வந்து நிக்கும். அவனையும் யாரும் வேடிக்கை பாக்க வேணாம்."

அக்கா வெடித்தாள். "அவனை அங்கிட்டு அடைச்சு வச்சுட்டு, நான் இங்கிட்டுப் பூ வச்சுக்கிட்டு ஒக்காரணுமா அத்தா?"

அத்தா எழுந்து கை கழுவப் போய்விட்டார். இவ்வளவு சொல்லிக் கொடுத்தும் ஏன் இப்படிச் செய்தான் என்று அம்மாவிடம் புலம்பினேன். சோற்றைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தார். அதிகம் பேசாத பெண்.

"அவன் சரியாத்தானே டீச்சர் செஞ்சான்? நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க, அவன் தட்டுல மத்தவங்க கை வரக்கூடாதுன்னு?"

செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது. அந்தக் கூடத்தில் நான் சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்தவன் அவன் ஒருவன்தான். தப்பு செய்தவள் பட்டுச்சேலையில் நின்றுகொண்டிருந்தாள்.

பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். அந்தச் சிவப்புப் பெருக்கல் குறி எங்கிருந்து வந்தது? நான் படித்த பாடத்தில் அது கிடையாது. அது எங்கள் வீட்டிலிருந்து வந்தது. எங்கள் வீட்டில் எச்சில் என்றால் எச்சில்தான். அண்ணன் கடித்த மாங்காயை நான் கடித்தால் முதுகில் ஒன்று விழும். ஆளுக்கு ஒரு இலை, ஆளுக்கு ஒரு டம்ளர். இலையிலிருந்து எடுத்து இன்னொருத்தர் இலையில் வைத்தால் என் அம்மா சாமியாடிவிடுவாள். அந்த வீட்டு வழக்கத்தை நான் தெரபி என்று பெயர் வைத்து அவனுக்கு ஊட்டியிருக்கிறேன். எந்த ஊரில், யார் வீட்டில், எப்படிச் சாப்பிடுவார்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எந்தக் குடும்பத்திடமும் முதல் நாளே கேட்கவேண்டிய கேள்வி அது. அன்றைக்கு அழுதேன். சொல்ல வெட்கமில்லை.

அடுத்த வியாழன் போனதும் சுவரிலிருந்த படத்தை நானே கிழித்தேன். அவன் அம்மாவை வரச்சொல்லி, "சகன்ல எப்படிச் சாப்புடணும்? சின்னப் புள்ளைக்கு எப்படிச் சொல்லித் தருவீங்க?" என்று கேட்டேன்.

அவருக்குச் சிரிப்பு. இதெல்லாம் ஒரு கேள்வியா என்கிற சிரிப்பு. "என்ன டீச்சர் இருக்கு? பிஸ்மி சொல்லிட்டு ஆரம்பிக்கணும். அவங்கவங்க முன்னாடி இருக்குறதைத்தான் எடுக்கணும். குறுக்க கை விட்டாப் படார்னு கையில ஒன்னு விழும். கூட ஒக்காந்தவங்க முடிக்குற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது. அம்புட்டுத்தான்."

நான் துள்ளிக் குதிக்காத குறை. ஆரம்பிக்க ஒரு சொல், அவனுக்கென்று ஒரு பக்கம், முடிப்பதற்கு ஒரு அடையாளம். நான் ராப்பகலாக உட்கார்ந்து திட்டம் போட்டாலும் இதைவிடத் தெளிவாக ஒரு ஒழுங்கை அவனுக்கு எழுதித் தந்திருக்க முடியாது. அது அவர்கள் வீட்டுக் கூடத்திலேயே இருந்தது!

"சரி, மொதல்ல நான் ஒக்காந்து பாக்குறேன்," என்றேன். அன்று மதியமே அவர்கள் வீட்டில், அம்மா, அக்கா, நான், மூன்று பேரும் ஒரு சகனில். ஆறு மாதமாக ஒருவனுக்குச் சோறு தின்னச் சொல்லிக் கொடுத்தவள் நான். முதல் கவளம் என் தொண்டையில் இறங்கவில்லை. அம்மாவின் விரல் பட்ட சோறு என் பக்கம் சரிந்து வந்தபோது கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். முகத்தில் காட்டாமல் இருக்கப் பார்த்தேன். அக்கா கண்டுபிடித்துவிட்டாள்.

"டீச்சர், ஒங்களுக்கும் தெரபி வேணும் போலயே? நெல்லுல கை விடுறீங்களா?"

மூன்று பேரும் புரைக்கேறும்வரை சிரித்தோம். நான்காவது கவளம் இறங்கியது. அவனுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று புத்தகம் சொல்லாததை என் தொண்டை சொன்னது.

கையில் ஏழு வாரம்தான் இருந்தது. வியாழன் மட்டும் என்றிருந்ததை வாரத்துக்கு மூன்று நாளாக்கினேன். வீட்டில் கணவர், "ஜெகதாப்பட்டினத்துலயே ஒரு வீடு பாத்துருவமா?" என்று கேட்டார். கேட்டுவிட்டுப் போகட்டும்.

முதலில் அவனும் அக்காவும். சகனில் வேர்க்கடலை. நடுவே வெள்ளரித் துண்டுகளை வரிசையாக வைத்து எல்லை கட்டினோம். "இது ஒன் பக்கம். அது அக்கா பக்கம்." அவன் அந்த வரிசையையே வெகுநேரம் பார்த்தான். அக்காவின் கை அவள் பக்கம் வந்தபோது உடம்பு விறைத்தது. ஆனால் கத்தவில்லை. "ஒன் பக்கம்," என்றான், தனக்குத்தானே. இரண்டாம் வாரம் கடலைக்குப் பதில் சோறு. மூன்றாம் வாரம் வெள்ளரித் துண்டுகளை ஒவ்வொன்றாகக் குறைத்தோம். கடைசித் துண்டை எடுத்த அன்று அவனே ஒரு விரலால் சோற்றில் கோடு போட்டுக்கொண்டான். பிறகு அம்மா சேர்ந்தார். மூன்று பேர்.

நான்காவது ஆளாக அத்தா உட்காரவேண்டும். அவர் மசியவில்லை. "சின்னம்மா வீட்டுக்குச் சொல்லியாச்சு டீச்சர்," என்றே சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு நாள் சாப்பாட்டுக்குமுன் நான் அவனை அரிசி மூட்டை தூக்கி வைக்கச் சொன்னதைப் பார்த்துவிட்டு அவருக்குக் கோபம் வந்தது. "கல்யாண வீட்டுப் புள்ள மூட்டை தூக்குறதா? பாக்குறவன் என்ன நெனைப்பான்?"

எனக்கு மூக்குக்கு மேல் வந்துவிட்டது. "ஏங்க, சவூதியில நீங்க இருவது வருசமாத் தூக்குனதெல்லாம் பூவா?"

சொல்லி முடித்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அக்கா முகம் வெளிறிவிட்டது. அத்தா கொஞ்ச நேரம் என்னை முறைத்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். "தூக்கட்டும், தூக்கட்டும். எம்புள்ளதானே," என்றார். மூட்டையின் மறுமுனையை அவரே பிடித்தார். அன்று சகனில் நாலு பேர். அவன் பாதியில் எழுந்து போய்விட்டான். மறுவாரம் கடைசிவரை உட்கார்ந்தான். அத்தாவோடு அவன் முழுதாகச் சாப்பிட்டது கல்யாணத்துக்குமுன் அந்த ஒரே தடவைதான்.

"ஒரு தடவையை நம்பி இம்புட்டுப் பேருக்கு முன்னாடி ஒக்கார வைக்கலாமா டீச்சர்?" என்று கேட்டார் அத்தா. "தெரியாதுங்க," என்றேன். பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "ஆனா அறந்தாங்கில ஒக்காந்திருந்தா ஒருநாளும் தெரியப்போறதில்லை." அவர் சின்னம்மாவுக்குப் போன் போட்டு, அவன் வரவில்லை என்று சொன்னார்.

கல்யாண மண்டபத்தில் ஆண்களுக்குக் கீழே, பெண்களுக்கு மாடியில் சாப்பாடு. இது எனக்கு முன்பே தெரியும். இருந்தும் அன்றைக்குத்தான் உறைத்தது, நான் பார்க்கமுடியாது! எட்டு மாதப் பாட்டின் பலன் என் காலுக்குக் கீழே நடக்கப்போகிறது, நான் மாடியில். பந்திக்கு முன்னால் அவன் தாய்மாமனோடு சேர்ந்து சமையல்கூடத்தில் அரிசி மூட்டை நகர்த்தினான் என்று மட்டும் தகவல் வந்தது. இறுக்கமான புதுத் தொப்பி. சுவர் ஓரமாக மூலையில் இடம். அதே ஐந்து பேர். வேறென்ன செய்யமுடியும்?

மணப்பெண்ணைச் சுற்றி நாங்கள் நாலு பேர் உட்கார்ந்தோம். சகன் வந்தது. யாரும் கை வைக்கவில்லை. அவள் மருதாணிக் கையில் போனை இறுக்கிப் பிடித்திருந்தாள். ஏதாவது ஆனால் மாமா கூப்பிடுவதாக ஏற்பாடு. "போன் அடிச்சா நான் எறங்கிருவேன் டீச்சர். பொண்ணு கீழ வரக்கூடாதுன்னு எவன் சொன்னாலும் எறங்கிருவேன்," என்றாள். "நானும் வாரேன்," என்றேன்.

அப்போது கீழே ஒரு பெரிய சத்தம். பிரியாணி அண்டாவோ மூடியோ, சிமெண்டுத் தரையில் விழுந்து உருண்டு உருண்டு அடங்கியது. மாடியிலேயே குழந்தைகள் வீறிட்டன. அவன் காதுக்கு அது எப்படி விழுந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அம்மா கண்ணை மூடி ஓதத் தொடங்கினார். மணப்பெண் போனையே பார்த்தாள். போன் அடிக்கவில்லை. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம்.

மாடிப்படியில் தடதடவென்று காலடிச் சத்தம். பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். வாசலுக்கு வெளியிலேயே நின்று, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, அத்தாவின் குரல். "டீச்சர், கொஞ்சம் இங்கிட்டு வாங்க."

போனேன். என் பின்னாலேயே அவளும் வந்தாள், ஜரிகை சரசரக்க. அத்தா வலது கையைத் தோளுக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார். விரலெல்லாம் சோறு. கை கழுவாமலே ஓடிவந்திருக்கிறார். மூச்சு வாங்கியது. அவர் முகத்திலிருந்து எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"என்னங்க ஆச்சு?"

"அண்டா மூடி விழுந்துச்சுல்ல? நானே பதறிட்டேன். அவன் ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு ஒக்காந்தான். போச்சுன்னு நெனைச்சேன். நான் சாப்பாட்டை விட்டுட்டேன் டீச்சர், கை ஓடலை. அவன் காதுலேர்ந்து கையை எடுத்தான். என்னையப் பாத்தான். அவன் பக்கத்துல கெடந்த கறியைப் பிச்சு, பெரிய துண்டா, எம் பக்கம் தள்ளி வச்சான். வச்சுட்டு, 'அத்தா, சாப்புடு'ன்னான்."

அக்கா அழுதாள்.

"நீங்க சொல்லிக் குடுத்தீங்களா டீச்சர், அப்படி வைக்கச் சொல்லி?"

"இல்லைங்க," என்றேன். "அவன் பக்கம் இருக்குறதைச் சாப்புடத்தான் சொல்லிக் குடுத்தேன். அடுத்தவங்களுக்கு எடுத்து வைக்கிறது எங்க வீட்டுலயே கெடையாது. இதை அவனா செஞ்சிருக்கான்."

அதைச் சொல்லும்போது எனக்கு வந்த பெருமைக்கு அளவே இல்லை. நான் கற்றுக்கொடுத்ததை அவன் செய்தபோதுகூட அவ்வளவு வரவில்லை.

"இருவது வருசமா சவூதியிலேர்ந்து நான்தான் அவன் சோத்துக்குப் பணம் அனுப்பிக்கிட்டிருந்தேன்," என்றார் அத்தா. இடது கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு திடீரென்று நினைவு வந்தவராகப் படியைப் பார்த்தார். "சாப்பாட்டுல பாதில எந்திரிக்கக் கூடாதுதான். சொல்லாம இருக்க முடியலை. அவன் இன்னும் எந்திரிக்கலை டீச்சர், ஒக்காந்திருக்கான். அந்தக் கறியை நான் வந்து திங்கணுமாம். போறேன்."

கையைத் தூக்கிப் பிடித்தபடியே இரண்டிரண்டு படியாக இறங்கி ஓடினார்.